ஹவார்: கோப்பில் எழுதி வாங்கிய தீவு

1936 ஏப்ரல் 28. பஹ்ரைன் அரசின் ஆலோசகர் சார்லஸ் பெல்கிரேவ், அங்கிருந்த பிரிட்டிஷ் பொலிட்டிகல் ஏஜென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹவார் தீவுகள் பஹ்ரைன் ஆட்சியாளர் ஷேக் ஹமது பின் ஈசா அல் கலீஃபாவுக்குச் சொந்தம் என்பதுதான் அதன் சாரம். ஏஜென்ட் அதைத் தன் குறிப்போடு பாரசீகக் கரையில் புஷேரில் இருந்த தன் மேலதிகாரி ரெசிடென்டுக்கு அனுப்பினார். அங்கிருந்து விஷயம் லண்டனுக்குப் போனது. ஜூலையிலேயே தற்காலிக முடிவு வந்துவிட்டது. இப்போதைக்குக் கையில் உள்ளதை வைத்துப் பார்த்தால் தீவு பஹ்ரைனுக்கு உரியதாகவே தெரிகிறது, வேறு யாராவது உரிமை கொண்டாடினால் இது தப்பு என்று நிரூபிக்க வேண்டியது அவர்தான் என்று முடிவெடுத்தார்கள்.

அந்த 'வேறு யாராவது' யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. கத்தாரை ஆண்டுகொண்டிருந்த ஷேக் அப்துல்லா பின் ஜாசிம் அல் தானிதான். அவருடைய கரையில் நின்று பார்த்தால் ஹவார் கண்ணுக்குத் தெரியும், நடுவில் இருப்பது மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான ஆழமில்லாத தண்ணீர். பஹ்ரைனின் பெரிய தீவிலிருந்து ஹவாருக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஆனால் அந்தச் சில மாதங்களில் ஷேக் அப்துல்லாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் வாசலுக்கு எதிரே இருக்கும் தீவைப் பற்றி ஒரு வழக்கு நடந்து, முதல் சுற்று முடிந்தும் போனது அவருக்குச் சொல்லப்படவே இல்லை.

நான் தோஹாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். வருகிற கடிதத்துக்கும் போகிற கடிதத்துக்கும் எண் போடுவது, தேதி முத்திரை வைப்பது, எந்த வரைபடம் எந்தத் திருத்தத்தில் இருக்கிறது என்று கணக்கு வைப்பது, இதுதான் என் பிழைப்பு. ஒப்பந்தச் சண்டை வரும்போது களத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பதைவிட, எந்தத் தேதியில் யார் எழுதினார், மற்றவர் எத்தனை நாளுக்குள் மறுப்பு எழுதினார் என்பதுதான் முதலில் மேசைக்கு வரும். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஹவார் கோப்புகளை வாசிப்பது வயிற்றைக் கலக்கும் அனுபவம். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் வளைகுடா ரெசிடென்சிக் கோப்புகளைக் கத்தாரின் தேசிய நூலகமும் கத்தார் அறக்கட்டளையும் சேர்ந்து இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. 2014-லிருந்து யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு அதுதான் வேலை.

முதலில் அந்த நிர்வாகம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். வளைகுடா ஷேக்குகள் காகிதத்தில் பிரிட்டனின் குடிகள் அல்லர், பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டவர்கள். அவர்களைக் கவனித்துக்கொண்டது லண்டன் வெளியுறவு அலுவலகம் இல்லை, பிரிட்டிஷ் இந்திய அரசு. புஷேரில் ரெசிடென்ட், அவருக்குக் கீழே பஹ்ரைன், குவைத், மஸ்கட்டில் பொலிட்டிகல் ஏஜென்டுகள். அவர்களில் பெரும்பாலோர் இந்திய சமஸ்தானங்களில் பயின்ற அதிகாரிகள். புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குத் திருச்சி கலெக்டர்தான் பொலிட்டிகல் ஏஜென்டாக இருந்தார் என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போமே, அதே பதவிப் பெயர், அதே வகை ஆட்கள், ஏறக்குறைய அதே கோப்பு முறை. பஹ்ரைனில் புழங்கியது இந்திய ரூபாய். தபால்தலையும் இந்தியத் தலைதான், மேலே பஹ்ரைன் என்று அச்சிட்டிருப்பார்கள். ஷேக் எழுதும் அரபுக் கடிதம் ஏஜென்சிக்கு வந்ததும் மொழிபெயர்ப்பு எழுதி இணைக்கப்படும். சலாம், நலம் விசாரிப்பு எல்லாவற்றையும் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கத்தில் முடித்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார். ஓரத்தில் வரிசை எண். அடியில் ஏஜென்டின் கையெழுத்துக் குறிப்பு. நகல் புஷேருக்கு, நகல் தில்லிக்கு, நகல் லண்டனுக்கு.

கத்தாருக்கென்று தோஹாவில் ஓர் அதிகாரி அப்போது கிடையாது. 1949-இல்தான் வந்தார். அதுவரை கத்தாரைக் கவனித்துக்கொண்டவரும் பஹ்ரைன் ஏஜென்ட்தான். அவர் தினமும் பார்ப்பது பெல்கிரேவை, ஷேக் ஹமதை, மனாமாவின் வியாபாரிகளை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷேக் அப்துல்லாவைப் பார்க்க வேண்டுமானால் படகு ஏற வேண்டும்.

இந்த இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் பழைய கணக்கு ஒன்று இருந்தது. அல் கலீஃபாக்கள் குவைத் பக்கமிருந்து வந்து 1760-களில் குடியேறிய இடம் கத்தாரின் வடமேற்குக் கரையிலுள்ள சுபாரா. முத்துக்குளித்து, வியாபாரம் செய்து, மதில் கட்டி வளர்ந்த ஊர். அங்கிருந்து போய்த்தான் 1783-இல் பஹ்ரைனைப் பிடித்தார்கள். போனவர்கள் சுபாராவைத் தங்கள் பூர்வீகம் என்று சொல்வதை விடவில்லை. 1867-இல் பஹ்ரைனும் அபுதாபியும் சேர்ந்து தோஹாவையும் வக்ராவையும் சூறையாடின. கடலமைதி உடன்படிக்கையை மீறியதற்காக ரெசிடென்ட் லூயிஸ் பெல்லி போர்க்கப்பலோடு வந்தார். பஹ்ரைன் ஆட்சியாளர் பதவி இழந்தார், அவருடைய தம்பி அந்த இடத்துக்கு வந்தார். கத்தார் பக்கத்தில் முகமது பின் தானியோடு 1868-இல் பெல்லி தனியாக ஓர் உடன்படிக்கை செய்தார். கத்தார் என்ற தனி நாட்டின் கதையை இங்கே எல்லோரும் அந்தத் தாளிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1871-இல் துருக்கியர் தோஹாவுக்கு வந்து 1915-இல் போனார்கள். அடுத்த வருடமே ஷேக் அப்துல்லா பிரிட்டனோடு கையெழுத்திட்டார். இத்தனை வருடங்களில் ஹவாரைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. அங்கே என்ன இருக்கிறது? ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் பாறையும் ஜிப்சமும். கிணறு கிடையாது, மழை நீரைத் தொட்டி வெட்டிப் பிடிக்க வேண்டும். சுற்றிலும் ஆழமற்ற கடலில் மீனும் கடற்பசுவும். கரையில் நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில்.

சண்டைக்குக் காரணம் எண்ணெய். 1932-இல் பஹ்ரைனில் ஜெபல் துகானில் எண்ணெய் வந்தது. எடுத்தது பாப்கோ, அமெரிக்கப் பணத்தில் இயங்கிய நிறுவனம். 1935 மே மாதம் ஷேக் அப்துல்லா கத்தாருக்கான உரிமத்தை ஆங்கிலோ பெர்ஷியன் நிறுவனத்துக்குக் கொடுத்தார். பஹ்ரைனில் பாப்கோவுக்குக் கொடுக்காமல் விட்ட மிச்சப் பகுதிக்கு இப்போது பேரம் நடந்துகொண்டிருந்தது. மிச்சப் பகுதி என்றால் எதுவரை? ஹவாரும் அதில் சேர்த்தியா? பெல்கிரேவின் கடிதம் பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று இருக்கிறது. 1933-இல், எண்ணெய் உரிம எல்லைகள் பற்றிய கடிதப் போக்குவரத்தில், ரெசிடென்சியிலிருந்து லண்டனுக்குப் போன தந்தி ஒன்று ஹவார் பஹ்ரைன் தீவுக் கூட்டத்தில் சேர்ந்ததல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. மூன்றே வருடத்தில், அதே அலுவலகச் சங்கிலியில், பஹ்ரைன் ஏஜென்ட் பெர்சி லோக், ஷேக் ஹமதின் உரிமையில் விஷயம் இருப்பதாகத் தோன்றுகிறது என்று எழுதுகிறார். நடுவில் தீவு நகரவில்லை. அங்கே புதிதாக யாரும் குடியேறவுமில்லை. மாறியது ஒன்றுதான்: பஹ்ரைன் பக்கத்திலிருந்து ஒரு நல்ல கடிதம் கோப்பில் சேர்ந்திருந்தது.

பெல்கிரேவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. 1925-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்து, 1926-இல் பஹ்ரைன் வந்தவர். 1957 வரை இருந்தார். காவல்துறை, நீதிமன்றம், சுங்கம், வரவு செலவு என்று பஹ்ரைன் நிர்வாகத்தில் அவர் கை படாத இடம் குறைவு. சம்பளம் கொடுப்பவர் பஹ்ரைன் ஷேக், ஆனால் ஏஜென்டுக்கு எப்படி எழுதினால் எடுபடும், ரெசிடென்ட் எதைக் கேட்பார், லண்டனில் எந்தச் சொல்லுக்கு எடை என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. தன் எஜமானுக்கு அவர் விசுவாசமாக வேலை செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்படி ஒருவர் எதிர்ப்பக்கத்தில் இல்லை என்பதுதான் விஷயம்.

ஹவாருக்குள் போவதற்கு முன் சுபாரா 1937. அங்கே நயீம் பழங்குடியினர் ஆடு ஒட்டகம் மேய்த்து, மீன் பிடித்து வாழ்ந்தார்கள். அவர்களில் ஒரு பிரிவு பஹ்ரைன் ஷேக்குக்குக் கட்டுப்பட்டது, இன்னொரு பிரிவு கத்தார் பக்கம். ஷேக் அப்துல்லா அங்கே சுங்கம் வசூலிக்கவும் கள்ளச் சரக்கைத் தடுக்கவும் முனைந்தார். பஹ்ரைன் ஷேக் தன் மூதாதையர் ஊரில் தன் ஆட்களைத் தொடக் கூடாது என்றார். ஏஜென்ட் இரண்டு பேருக்கும் நடுவில் போய் வந்தார், பேச்சுவார்த்தை நடந்தது, முறிந்தது. ஜூலையில் ஷேக் அப்துல்லாவின் ஆட்கள் பஹ்ரைன் பக்கம் சாய்ந்திருந்த நயீம்களைத் தாக்கினார்கள். தோற்றவர்களில் பலர் படகேறிப் பஹ்ரைனுக்குப் போனார்கள். கோபத்தில் பஹ்ரைன் கத்தாரோடு வியாபாரத்தை நிறுத்தியது. செயற்கை முத்தால் ஏற்கெனவே தொழில் செத்து, ஜனங்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த கத்தாருக்கு இது எப்பேர்ப்பட்ட அடி என்று யோசித்துப் பாருங்கள். அரிசி, துணி என்று எல்லாமே பஹ்ரைன் சந்தை வழியாக வந்துகொண்டிருந்த காலம் அது.

இந்தச் சம்பவத்தில் அதிகாரிகள் செய்தது என்ன? சுபாரா மீதான பஹ்ரைன் உரிமையை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஷேக் அப்துல்லாவைத் தடுக்கவும் இல்லை. துப்பாக்கி வெடித்தபோது அறிக்கை எழுதினார்கள். நயீம் குடும்பங்கள் எங்கே இரவைக் கழித்தன, யாருடைய ஆடுகள் யாரிடம் போயின என்பதெல்லாம் அந்த அறிக்கைகளில் ஓரமாகத்தான் வருகிறது. நடுவில் இருப்பது யார் யாருக்கு வரி கட்டினார்கள், யாருடைய கொடி பறந்தது என்ற கேள்வி. தோஹாவிலிருந்து நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டினால் அந்த ஊரின் இடிபாட்டைப் பார்க்கலாம். 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். பக்கத்தில் நிற்கிற கோட்டை பழங்காலத்தது என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் அதிகம். உண்மையில் அது 1938-இல் கட்டியது. முந்தின வருடம் நடந்த இந்தச் சண்டையின் கையோடு எழுப்பிய காவல் கோட்டை. சதுரம், மூன்று மூலையில் வட்டக் கோபுரம், நான்காவதில் மட்டும் நீள்சதுரம். உள்ளே சுவர் அவ்வளவு தடிமன், மத்தியான வெயிலிலும் கை வைத்தால் குளிர்ச்சி.

சுபாராவில் கத்தார் கை ஓங்கிய அதே வருடம், பஹ்ரைன் ஹவாரில் காவல் ஆட்களை நிறுத்திவிட்டது. ஷேக் அப்துல்லாவுக்கு விஷயம் முழுதாகத் தெரிய வந்தபோது, 1938 மே மாதம், ஏஜென்டுக்கு எழுதினார். லோக் போய் இப்போது ஹியூ வெயிட்மேன் வந்திருந்தார். இவர் இந்திய சிவில் சர்வீஸ்காரர், பிற்காலத்தில் புதுதில்லியில் வெளிவிவகாரத் துறைச் செயலாளர் வரை போனவர். மே 20 அன்று வெயிட்மேன் பதில் எழுதினார்: பஹ்ரைன் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, உங்களுக்கு உரிமை இருந்தால் ஆதாரத்தோடு முறையாக எழுதுங்கள், அரசு நியாயமாகப் பரிசீலிக்கும். ஷேக் அப்துல்லா ஒரே வாரத்தில், மே 27 தேதியிட்டு, பதில் அனுப்பினார். பிரிட்டிஷ் அரசின் நீதியில் தனக்கு நம்பிக்கை இருப்பதாகவும், தீவு இயற்கையாகவே கத்தாரின் பகுதி என்பதாகவும் எழுதினார்.

அந்த ஒரு கடிதத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். ஓர் ஆட்சியாளர் தன்னைப் பாதுகாப்பதாக ஒப்பந்தம் போட்ட வல்லரசை நம்பி எழுதுகிறார். தீவு என் கரையை ஒட்டி இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்ற தோரணை. தன் கண்ணுக்கு முன்னால் இருப்பதை நிரூபிக்கச் சொல்கிறார்கள் என்பதே அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் ஏஜென்சிக் கோப்பில் எடுபடுவது அருகாமை இல்லை. யார் அங்கே வீடு கட்டினார்கள், யாருடைய காஜி அவர்கள் வழக்கைத் தீர்த்தார், யார் வரி வாங்கினார்கள் என்பதுதான். பெல்கிரேவுக்கு அது தெரியும். அவருடைய எதிர்வாதம் 1939 ஜனவரியில் கோப்புக்குள் வந்தது. தவாசிர் பழங்குடியினர் நூற்றைம்பது வருடமாக ஹவாரில் இருக்கிறார்கள், அவர்கள் பஹ்ரைன் குடிகள், அவர்களுடைய நிலம், மீன்பொறி வழக்குகளைப் பஹ்ரைன் காஜி தீர்த்த பத்திரங்கள் இதோ என்று வரிசையாக அடுக்கினார். அதற்கு ஷேக் அப்துல்லாவின் பதில் மார்ச் 30 அன்று வந்தது. சாட்சிகள் கையெழுத்திட்ட வாக்குமூலங்களை இணைத்திருந்தார். வெயிட்மேனை அவை அசைக்கவில்லை.

ஏப்ரல் 22 அன்று வெயிட்மேன் ரெசிடென்டுக்கு எழுதிய அறிக்கைதான் எல்லாவற்றுக்கும் வேர். நேர்மையற்ற ஆளின் எழுத்து இல்லை அது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் தீவுக்கே போயிருக்கிறார். இடுகாடுகளைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தார், இடிந்த பழைய கோட்டையைப் பார்த்தார். கரையோரம் மீன்பொறிகளின் தடயங்களைக் கவனித்தார். வளைகுடாவில் இதை ஹத்ரா என்பார்கள்: ஈச்ச மட்டைகளை வரிசையாகக் கடலுக்குள் ஊன்றி ஒரு மூலையில் குறுக்கி விடுவது. பெருக்கில் உள்ளே வந்த மீன் வற்றும்போது வெளியே போக முடியாது. வருடம் முழுக்க ஜனங்கள் அங்கே இருந்தார்கள் என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இதெல்லாம் சேர்ந்து வருடத்தின் பெரும்பகுதியாவது தொடர்ந்து குடியிருப்பு இருந்ததைக் காட்டுகிறது என்று எழுதினார். கத்தார் தரப்பில் அப்படி எதையும் தன்னால் காண முடியவில்லை என்பது அவர் முடிவு.

சரி, தவாசிர் அங்கே இருந்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. அவர்கள் இருந்ததால் தீவு அல் கலீஃபாக்களுக்கு ஆகிவிடுமா? அதே தவாசிர் 1923-இல் பஹ்ரைன் நிர்வாகத்தோடு முறைத்துக்கொண்டு கூட்டமாக இன்றைய சவூதிக் கரையிலுள்ள தமாமுக்குப் போய், சில வருடம் கழித்துத்தான் திரும்பியவர்கள். குளிர்காலத்தில் மீனுக்கும் கோடையில் முத்துக்கும் என்று கரை மாற்றிக் கரை வாழ்ந்தவர்களுக்குப் 'குடி' என்ற முத்திரை எவ்வளவு ஒட்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முதல் முடிவை 1936-இல் எடுத்துவிட்டு, நிரூபிக்கும் பாரத்தை இன்னொருவர் தலையில் வைத்துவிட்டு, நடுவில் ஒரு தரப்பு ஆட்களை இறக்குவதையும் பார்த்துக்கொண்டு, பிறகு நடத்திய விசாரணை இது. தராசில் ஒரு தட்டை முதலிலேயே அழுத்திவிட்டார்கள். அந்த விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

1939 ஜூலை 11 அன்று ரெசிடென்ட் டிரென்ச்சர்ட் ஃபௌல் இரண்டு ஆட்சியாளர்களுக்கும் கடிதம் எழுதினார். ஹவார் பஹ்ரைனுக்கு. கத்தாருக்கு எழுதிய கடிதத்தில் காரணம் எதுவும் விளக்கவில்லை. ஷேக் அப்துல்லா ஆகஸ்டிலேயே எதிர்ப்புத் தெரிவித்தார், நவம்பரில் மறுபடியும், 1940 ஜூனில் இன்னொரு முறை. முடிவு முடிந்ததுதான் என்ற பதிலே கிடைத்தது. அந்தச் சமயம் உலகப் போரும் வந்துவிட்டது.

ஆனால் கோப்பு அதோடு தூங்கவில்லை. ஃபௌலுக்குப் பின் ரெசிடென்டாக வந்த ஜெஃப்ரி ப்ரையர் பத்து வருடம் முன்பு பஹ்ரைனில் ஏஜென்டாக இருந்தவர், கரையையும் ஆட்களையும் தெரிந்தவர். 1941-இல் அவர் உள்சுற்றுக் குறிப்பில், இந்தத் தீர்ப்பு சரியில்லை, தீவு கத்தாருக்குப் போயிருக்க வேண்டும் என்ற ரீதியில் தன் அபிப்பிராயத்தை எழுதி வைத்தார். அதை ஷேக் அப்துல்லாவிடம் யாரும் சொல்லவில்லை. தீர்ப்பைத் திறக்கவும் இல்லை. என் வேலையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்: தப்பு என்று உள்ளே எல்லோருக்கும் தெரிந்த தாள், வெளியே போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக நிலைத்துவிடும். இங்கே நிலைத்தது ஒரு நாட்டின் எல்லை.

1944-இல் சுபாராவுக்காக இரண்டு ஷேக்குகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பழைய நட்பு திரும்பும், சுபாரா முன்பு இருந்தபடியே இருக்கும் என்று. 'முன்பு' என்பது எது? 1937-க்கு முன்பா, 1783-க்கு முன்பா? ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். 1947 டிசம்பர் 23 அன்று, இந்தியா சுதந்திரமடைந்து சில மாதங்களில், ஏஜென்ட் இரண்டு பக்கமும் இன்னொரு கடிதம் அனுப்பினார். இவர் பெயரும் பெல்லி, கார்னீலியஸ் பெல்லி. எண்ணெய் நிறுவனங்களுக்காகக் கடலடியில் ஒரு கோடு. ஹவார் பஹ்ரைனுக்கு, ஆனால் அதன் தெற்கு முனைக்குப் பக்கத்திலுள்ள ஜனான் என்ற துணுக்குத் தீவு ஹவார் கூட்டத்தில் சேராது என்று ஒரு வாக்கியம் அதில் உண்டு. இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1971-இல் இரண்டும் தனி நாடுகளாகின. 1986 ஏப்ரலில், கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் ஃபஷ்ட் அத் திபல் திட்டில் பஹ்ரைன் கடலோரக் காவலுக்காகக் கட்டிடம் எழுப்பிக்கொண்டிருந்தபோது, கத்தார் படையினர் ஹெலிகாப்டரில் இறங்கி, அங்கே வேலையில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். சவூதி மத்தியஸ்தம் இழுத்தது. 1991 ஜூலையில் கத்தார் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே நடந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தமான பகுதி. ஆறு பத்தாண்டுகளுக்கு முன் போதிய தாள் இல்லாமல் தோற்ற தரப்பு, இந்தமுறை தாளோடு வந்தது. 1997-இல் பஹ்ரைன் அவற்றில் 81 ஆவணங்கள் போலி என்று சொன்னது. பிறகு எண்ணிக்கை 82 ஆனது. நிபுணர்கள் பார்த்தார்கள், நிபுணர்களுக்குள்ளேயே கருத்து பிரிந்தது, கடைசியில் 1998-இல் கத்தார் அந்த ஆவணங்களை இந்த வழக்கில் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தானே விலக்கிக்கொண்டது. அவற்றை யார் தயாரித்தது, எப்படி வந்தது என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் 1933 தந்தி, 1936-இல் கேட்காமல் எடுத்த முடிவு, ப்ரையரின் குறிப்பு என்று சொல்ல எவ்வளவோ உண்மையான விஷயம் கையில் இருந்த தரப்புக்கு இப்படி ஒரு களங்கம் வந்திருக்கவே கூடாது.

2001 மார்ச் 16 அன்று தீர்ப்பு வந்தது. சுபாரா கத்தாருக்கு, ஒருமனதாக. ஹவார் பஹ்ரைனுக்கு, 12-க்கு 5. தவாசிர் எங்கே இருந்தார்கள், கரை எவ்வளவு பக்கம், பழைய வரைபடங்கள் என்ன சொல்கின்றன என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை. இரண்டு ஆட்சியாளர்களும் பிரிட்டன் தீர்க்கட்டும் என்று சம்மதித்தார்கள், 1939-இல் பிரிட்டன் தீர்த்தது, அது இருவரையும் கட்டுப்படுத்தும், அவ்வளவுதான் என்றது. ஷேக் அப்துல்லா நம்பிக்கையோடு எழுதிய அந்த 1938 மே 27 கடிதம்தான் அவர் சம்மதத்துக்குச் சாட்சி. எதிர்த்து எழுதிய நீதிபதிகள் 1939 விசாரணை நடந்த விதத்தையே கேள்வி கேட்டார்கள், அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது கொஞ்சம் ஆறுதல். ஜனான் கத்தாருக்கு வந்தது. காரணம் 1947 கடிதத்திலிருந்த அந்த ஒரு வாக்கியம்.

கடலிலும் அன்றைக்கே எல்லை விழுந்தது. ஹவாருக்கும் கத்தார் கரைக்கும் நடுவில், ஹவாருக்கும் ஜனானுக்கும் நடுவில், பஹ்ரைனுக்குப் போன ஜராதா திட்டுக்கும் கத்தாருக்கு வந்த ஃபஷ்ட் அத் திபலுக்கும் நடுவில் என்று வளைந்து வளைந்து வடக்கே போகிறது அந்தக் கோடு. பஹ்ரைனில் அன்று கொண்டாட்டம். கத்தாரில் தீர்ப்பை ஏற்றுக்கொள்வதாக அமீர் அறிவித்தார், ஹவார் போனதன் வலியையும் மறைக்கவில்லை.

அந்தக் கோட்டைத் தினமும் கணக்கில் வைத்துப் பிழைப்பவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். பஹ்ரைன் முதலாளிகளின் படகுகளில் கன்னியாகுமரி, ராமநாதபுரம் கரையிலிருந்து போன மீனவர்கள் வேலை பார்க்கிறார்கள். எல்லை தாண்டியதாகக் கத்தார் கடலோரக் காவல் படை படகைப் பிடித்தால் உள்ளே போவது அவர்கள்தான். எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் மனாமாவில் அப்படி ஒரு படகில் இருக்கிறான். ஃபோனில் ஹவார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டான். அப்புறம் சொன்னான்: "அண்ணே, மீன் அந்தப் பக்கம்தான் இருக்கு. திபல் கிட்ட போனா வலை நிறையும். ஜிபிஎஸ்ஸைப் பாத்துக்கிட்டே இருக்கணும், நீவாடு இழுத்துட்டுப் போயிட்டா யாருகிட்ட போய் சொல்றது?" பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றான். தூதரக எண்ணையும், பிடிபட்டால் முதலில் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள் எவை என்பதையும் ஒரு குறிப்பாக எழுதி, படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அந்தப் படகிலிருக்கும் மற்றவர்களுக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.